தக்கடி: கோழிக் குழம்பில் வேகும் மாவுருண்டை

மார்கழி விடுமுறையில் வீடு நிறைந்துவிடுகின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கின்ற பிள்ளைகள் வந்து சேர்கின்றனர். அவர்களோடு அவர்களுடைய பசியும் வந்து சேர்கின்றது. வெளியிலோ வாடைக் காற்று. மன்னார்த் தாம்போதியின் மேல் குடை பிடித்து நடத்தல் இயலாத காரியம். கடல் கொந்தளிக்கும் நாள்களில் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். மீன் உண்டு வளர்ந்த தீவார்க்கு அன்றைக்குக் கோழியின் நினைவு வருவது இயல்பே. அத்தகைய நாளுக்கென்றே அமைந்தது போன்ற ஓர் உணவைப் பற்றி இவ்வாரம் எழுதலாமென எண்ணினேன். அதன் பெயர் தக்கடி.

வறுத்த அரிசி மாவைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்துப் பிசைந்து, கைப்பிடிக்குள் அடங்கும் உருண்டைகளாகப் பிடித்து, கொதிக்கின்ற இறைச்சிக் குழம்பினுள்ளேயே வேகவிடுவது தக்கடி. சோற்றுக்கு ஒரு பானை, கறிக்கு ஒரு சட்டி என்னும் பிரிவினை இங்கே கிடையாது. உண்பதும் தொட்டுக்கொள்வதும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாய் வெந்து ஒன்றாய் இறங்குகின்றன. நமக்கு நேர் எதிரே மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் கீழக்கரையிலும், அதற்குத் தெற்கே காயல்பட்டினத்திலும் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கைவந்த பண்டம் இது. அங்கே பெரும்பாலும் ஆட்டிறைச்சியிற் செய்வர், கோழியிலும் செய்வதுண்டு. இடையிலுள்ள கடல் அக்காலத்தில் வேலியாக இருக்கவில்லை. முத்துக்குளிப்புக் காலங்களில் கீழக்கரைச் சுழியோடிகள் நமது கரைக்கு வந்தனர். 1914 ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்திலிருந்து அது தொடர்ந்தது. 1980களில் போர் மூண்டபோதுதான் நின்றது. பெண் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த இரு கரைகளுக்கிடையே சமையலும் போய் வந்ததில் வியப்பென்ன?

சைவ வீடுகளிற் பிறந்த சிலர், "இறைச்சிக் குழம்பிலே மாவுருண்டையா?" என்று முகஞ் சுழிக்கக்கூடும். அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகின்றேன். ஆடி முதல் நாளன்று நாம் காய்ச்சும் கூழிலே கிடப்பவை யாவை? வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அந்தக் கூழிலே அரிசி மாவைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டிப் போடுகின்றோம் அல்லவா? நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்குப் பாடி வைத்தமையால், கூழே காய்ச்சாத வீட்டுப் பிள்ளைகளும் அந்நாளை அறிந்திருக்கின்றனர். (இன்று அது அரச விடுமுறையன்று, பாட்டில் மட்டுமே விடுமுறை.) ஆடியில் இனிப்பான பாலிலே உருளுகின்ற அதே மா மார்கழியில் உறைப்பான குழம்பிலே உருளுகின்றது. கை ஒன்றுதான், பானைதான் வேறு.

மலையாள நாட்டிலே கோட்டயம், மூவாற்றுப்புழை, தொடுபுழைப் பகுதிகளில் வாழும் சிரியக் கிறித்தவர்கள் செய்யும் 'பிடி' என்பதும் இதற்கு உடன்பிறப்பே. அவர்கள் உருண்டையைத் தேங்காய்ப் பாலில் தனியே வேகவைத்துக் கோழிக் கறியை மேலே ஊற்றிக்கொள்வர். நோன்பு கழிந்து நத்தார் வரும்போதும் உயிர்த்த ஞாயிறு வரும்போதும் பிடியும் கோழியும் இன்றேல் அவர்களுக்கு விழா நிறைவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கோதுமை மாக் களியைக் கோழிச் சாற்றிலே கரண்டி கரண்டியாக இடுகின்றனர். யூதர் பாஸ்காக் காலத்திலே புளியாத அப்பத்தை இடித்தெடுத்த தூளை உருட்டிக் கோழிச் சாற்றிலே வேகவைக்கின்றனர். ஒருவரையொருவர் கண்டறியாத இத்தனை ஊர்த் தாய்மாரும் ஒரே கணக்கையே போட்டிருக்கின்றனர்: கோழி ஒன்று, வாயோ பல.

அந்தக் கணக்கைச் சற்று நோக்குவோம். ஒரு கோழியை எட்டுப் பேருக்குச் சோற்றோடு பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு துண்டு விழும். தொடை யாருக்கு என்ற வழக்கும் எழும். தக்கடியிலே துண்டை எண்ணுவார் இல்லை. கோழியின் சாரம் உருண்டைக்குள் இறங்கிவிடுவதால், இறைச்சி அகப்படாதவனுக்கும் இறைச்சி அகப்பட்டுவிடுகின்றது. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதையும் கோதுமை மாவின் விலை ஏறியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமை நமது நாட்டில் விளைவதன்று. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோன காலத்திலே நம் அடுக்களைகளுக்குள் பரவலாகப் புகுந்த விருந்தாளி அது. பின்னர் எழுந்து போகவேயில்லை. கட்டுக்கரைக் குளத்து நீரிலே நெல் விளைகின்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு, விடுமுறை நாளின் விசேட உணவு என்றால் கடையிற் பொரித்த கோழியும் பாணும் என்று பிள்ளைகள் எண்ணுவது எனக்கு உவப்பாயில்லை.

இனிச் செய்முறை. எட்டுப் பேருக்கு அளவு சொல்கின்றேன். துப்புரவாக்கிய ஊர்க்கோழி ஒன்றேகால் கிலோ, வறுத்த அரிசி மா முக்கால் கிலோ, தேங்காய் இரண்டு, சின்ன வெங்காயம் கால் கிலோ, உள்ளி ஒரு முழுப் பூடு, இஞ்சி இரண்டு விரலளவு, கறுவா, ஏலம், கராம்பு அளவாக, பெருஞ்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, வீட்டிலே இடித்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, ரம்பை, ஒரு தேசிக்காய்.

மாவில்தான் எல்லாம் தங்கியிருக்கின்றது. ஆதலால் அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சிவப்புப் பச்சை அரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றாக வடித்து, இடித்தோ அரைத்தோ அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். மொட்டைக்கறுப்பன் அகப்படுமாயின் அதனையே விரும்புவேன். அதன் மணமே வேறு. அரித்த மாவைத் தாச்சியிலிட்டு மெல்லிய நெருப்பில் கைவிடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஆவி எழும். பின்பு ஆவி அடங்கி வாசம் எழும். மா கட்டியாக நில்லாமல் உலர்ந்த கடல் மணல்போல அகப்பையிலிருந்து வழுகி ஓடும். அவ்வளவில் இறக்கிவிடுங்கள். நிறம் மாறிற்றென்றால் வறுவல் மிகுந்துவிட்டது. கடையில் விற்கும் வறுத்த மாவும் உதவும். ஆயினும் பழைய மாவென்றால் உருண்டை வாயில் நறநறக்கும்.

கோழியைச் சிறு துண்டுகளாக எலும்போடு வெட்டி, மஞ்சளும் உப்பும் தேசிப்புளியும் தடவிச் சிறிது நேரம் வைத்துவிடுங்கள். ஒரு தேங்காயையும் மற்றதிற் பாதியையும் துருவிப் பால் பிழிந்து, முதற்பாலை வேறாகவும் பின்பாலை வேறாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய பாதியைப் பூவாகத் துருவி மாவுக்கென வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பானையொன்றில் எண்ணெய் விட்டுக் கறுவா, ஏலம், கராம்பு இட்டு, வெங்காயத்தில் மூன்றிலிரண்டு பங்கை வதக்கி, அரைத்த இஞ்சியும் உள்ளியும் சேர்த்துப் பச்சை மணம் நீங்கிய பின் கோழியைப் போட்டுப் புரட்டுங்கள். கறித்தூளையும் பெருஞ்சீரகத்தில் பாதியையும் இட்டு, பின்பாலும் நீருமாகத் துண்டுகளுக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றி மூடிவிடுங்கள். குழம்பு நீர்த்திருக்கின்றதே என்று அஞ்ச வேண்டாம். மாவைப் பிசையவே ஒரு லீற்றர் போய்விடும். உருண்டைகள் வேகும்போது மேலும் குடிக்கும். உப்பும் உறைப்பும் வழக்கத்தைவிடச் சிறிது தூக்கலாகவே இருக்கட்டும்.

கோழி முக்காற்பதம் வெந்ததும், மாவுடன் தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த மீதி வெங்காயம், மீதிப் பெருஞ்சீரகம், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கலந்து, பானையில் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பையே, மேலே மிதக்கும் எண்ணெயோடு, அகப்பை அகப்பையாக மொண்டு மாவில் ஊற்றி, அகப்பைக் காம்பினாற் கிளறுங்கள். இடியப்பத்துக்கு மாக் குழைப்பது போன்றதுதான். கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்து, தேசிக்காயளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்து ஒருமுறை இறுக்கிப் பிடியுங்கள். நான்கு விரல்களின் தடமும் அதிற் பதிய வேண்டும். இஃது அழகுக்காக அன்று. அந்தப் பள்ளங்களின் வழியே சூடு நடுவரைக்கும் செல்கின்றது. குழம்பும் அங்கே தங்குகின்றது. பந்துபோல வழவழப்பாக உருட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும்.

கொதிநீர் எதற்கு, குளிர்நீர் ஆகாதோ என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. மனைப்பொருளியல் கற்பிக்கின்றவள் என்ற முறையில் அதற்கு விடை கூற வேண்டியவளாகின்றேன். கோதுமை மாவில் குளூட்டன் என்னும் புரதப் பிணைப்பு உண்டு. குளிர்நீரிற் பிசைந்தாலும் அது மாவைக் கட்டி இழுத்துக்கொள்ளும். அரிசியில் அந்தப் பிணைப்பு இல்லை. அரிசி மாவைக் கட்டுவது அதிலுள்ள மாப்பொருளே. ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அம்மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. கொதிக்கும் குழம்பை ஊற்றும்போது மாவின் ஒரு பகுதி இவ்வாறு பசையாகி மற்றதைப் பிடித்துக்கொள்ளுகின்றது. குளிர்ந்த நீரிற் பிசைந்த உருண்டை பானைக்குள் விழுந்ததும் கரைந்துவிடும். தக்கடி செய்யப் புகுந்தவர் கூழ் காய்ச்சி முடிப்பர்.

பானை தளதளவென்று கொதிக்கையில் உருண்டைகளை ஒவ்வொன்றாக இடுங்கள். நெருப்பைச் சற்றுத் தணித்து மூடிப் பத்து நிமிடங்களுக்கு அகப்பையைத் தொடாதீர்கள். ஆவல் மிகுந்த பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். பின்பு பானையின் இரு காதுகளையும் துணியாற் பிடித்து ஒருமுறை குலுக்கி, மேலும் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளை மா தெரியக் கூடாது. கடைசியில் முதற்பாலையும் ரம்பையையும் சேர்த்து, ஒரு கொதி தலைகாட்டியவுடன் இறக்கித் தேசிப்புளி விடுங்கள். கரைந்த மாவினால் குழம்பு தானே தடித்திருக்கும்.

இனிக் கோழியைப் பற்றி. இறைச்சிக் கோழி என்று பண்ணையில் வளர்ப்பது அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் சாறு வெறுமையாயிருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த ஊர்க்கோழியோ ஒன்றரை மணி நேரம் கேட்கும். அதன் தசையையும் எலும்பையும் பிணைக்கின்ற நாரிழையம் நெடுநேரம் வேகையில் ஜெலற்றினாக உருகிக் குழம்பிலே கலக்கின்றது. விரல்களிற் பிசுபிசுக்கும் அந்தச் சாறே உருண்டைக்கு உயிர். கிழக் கோழியைக் குறைவாக மதிக்கின்ற வழக்கம் தக்கடிக்கு மட்டும் பொருந்தாது.

கோழி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் வீட்டில் தக்கடி சமைத்ததில்லை. எங்களுக்காக அயல் வீட்டில் சமைத்தார்கள். அங்கிருந்த உம்மம்மாவின் தாய்வழி கீழக்கரை. மார்கழியிலே எங்களுக்குப் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். அவர் வேலிக்கு அப்பால் நின்று, "பிள்ளை, உங்கட விரதம் எண்டைக்கு முடியுது?" என்று அம்மாவிடம் கேட்பார். "திருவாதிரையோட சரி, உம்மா" என்பார் அம்மா. திருவாதிரை கழிந்த பின் ஒருநாள், கால் கட்டிய உயிர்க்கோழி ஒன்றும் இரண்டு தேங்காயும் ஒரு கொத்து அரிசியும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். கோழி உயிரோடுதான் போக வேண்டும். அவர்கள் முறைப்படி இறைவன் பெயர் சொல்லி அறுத்தாலன்றி அவர்கள் உண்ணலாகாது. ஆதலால் அறுப்பும் அங்கே, சமையலும் அங்கே. மாலையில் பாதிப் பானை வேலிக்கு மேலாக எங்களிடம் திரும்பி வரும். பொங்கலன்றும் இதே ஒழுங்குதான். படைத்ததை அவர்கள் உண்பதில்லையாதலால், படைக்குமுன் எடுத்துவைத்த பச்சையரிசியும் சர்க்கரையும் வாழைப்பழமும் இங்கிருந்து போகும். எதைத் தரலாம், எதை உண்ணலாம் என்பதை இரு வீட்டாரும் தெரிந்து வைத்திருந்தனர். தெரிந்திருந்தமையால் ஒருவர் மனமும் ஒருபோதும் நோகவில்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர், 70,000க்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவில் இருந்தவர்களிற் பலர் வள்ளங்களிலே கற்பிட்டிக்குப் போயினர். அப்போது எனக்கு வயது பத்து. உம்மம்மா வளர்த்த கோழிகள் நான்கைந்து நாள் அந்த முற்றத்தையே சுற்றிவிட்டுப் பின் வேலியைத் தாண்டி வந்து எங்கள் முருங்கையில் அடைந்தன. அம்மா அவற்றுக்குத் தீனி போட்டார். ஒன்றையேனும் அறுக்கவுமில்லை, விற்கவுமில்லை. உம்மம்மா திரும்பி வரவில்லை, புத்தளத்திலேயே காலமானார்.

போர் ஓய்ந்தபின் அவருடைய பேத்தி ஒருவர் மன்னாருக்குத் திரும்பிக் குடியிருக்கின்றார். அவரும் தக்கடி செய்கின்றார். ஆனால் கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலந்து. முகாமில் நிவாரணமாகக் கிடைத்த மாவிலேயே அவருடைய தாய்க்குக் கை பழகிற்றாம். தாயிடமிருந்து மகளுக்கு அதுவே வந்தது. அரிசி மாவை மணல்போல வறுப்பதையும், விரல் தடம் பதியப் பிடிப்பதையும், உம்மம்மாவின் அடுப்படியில் குந்தியிருந்து பார்த்தவள் நான் ஒருத்தி இருந்தமையால், அவருடைய பேத்திக்கு நான் சொல்லிக் கொடுக்கும்படி ஆயிற்று. அவர் ஓர் உருண்டையைப் பிட்டு உண்டுவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பெருஞ்சீரகம் மாவிலே போட வேண்டியதில்லை, குழம்பிலே போட்டாற் போதும் என்பது அவர் கட்சி. இதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.

இப்பொழுது கோழி உயிரோடு போவதில்லை. ஹலால் முத்திரையிட்ட கோழி கடையிற் கிடைப்பதால் அவரவர் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். வசதிதான். ஆயினும் வேலியால் கொடுத்து வாங்க ஒரு காரணம் குறைந்துபோயிற்று என்றே எனக்குப் படுகின்றது. ஆகையால் நான் அரிசி மாவை வறுத்துக் கொடுக்கின்றேன். அவர் சமைத்துத் தருகின்றார்.

இறைச்சி உண்ணாத வீட்டாரும் விரத நாளில் விரும்புவோரும் கோழிக்குப் பதிலாகப் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் இட்டு இதையே செய்யலாம். விரத நாளுக்கு உள்ளியும் வெங்காயமும் விலக்குவோர் இஞ்சியைச் சிறிது கூட்டிக்கொள்க. பலாக்கொட்டையை முன்னரே அவித்துத் தோல் நீக்கியிருத்தல் வேண்டும். பூசணிக்காய் இதற்கு உதவாது; கரைந்து குழம்பை இனிப்பாக்கிவிடும்.

தக்கடி செய்த அன்றைக்கு நன்று. மறுநாட் காலையில் அதனினும் நன்று. இரவு முழுவதும் உருண்டை குழம்பைக் குடித்து இறுகியிருக்கும். எஞ்சியதைக் குளிரூட்டியில் வைத்து, காலையில் உதிர்த்துத் தாச்சியில் சிறிது வெந்நீர் தெளித்து நன்றாகச் சூடேற்றினால், பிட்டும் கறியும் ஒன்றாய்ப் பிறந்தது போலிருக்கும். அயலாருக்குக் கொடுத்தனுப்புவதாயின் உருண்டைகளை ஒரு பாத்திரத்திலும் குழம்பை வேறொரு பாத்திரத்திலும் அனுப்புங்கள். ஒன்றாக ஊற்றினால், ஒழுங்கையின் மறுமுனையை அடையுமுன் குழம்பு முழுவதையும் உருண்டை குடித்துவிடும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை உருண்டையும் மேலே இரண்டும் வையுங்கள். விடுமுறையாதலால் அங்கும் யாரேனும் வந்திருப்பர்.